'டி' என்றால் டிஜிட்டல் அல்ல: கிளாஸ் டி ஆம்ப்ளிபயரை நம்பி வாங்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் சில வாரங்களில் செய்யும் அடுத்த செலவு பெரும்பாலும் ஸ்பீக்கராகத்தான் இருக்கும். லேப்டாப்பில் உள்ள சிறிய ஸ்பீக்கரில் பாட்டு கேட்டால், மிருதங்கம் கூட தகர டப்பாவைத் தட்டுவது போலத்தான் ஒலிக்கும். சரி, ஒரு ஆம்ப்ளிபயரும் இரண்டு ஸ்பீக்கர்களும் வாங்கலாம் என்று கடைக்குப் போனால், உள்ளங்கை அளவுள்ள ஒரு பெட்டியை எடுத்து வைத்து "சார், இது டிஜிட்டல் ஆம்ப்ளிபயர், 100 வாட்ஸ்" என்பார்கள். உடன் வந்த நண்பரோ, "டிஜிட்டல் எல்லாம் வேண்டாம், அதில் உயிர் இருக்காது. கனமான பழைய டைப் வாங்கு" என்பார். இரண்டுக்கும் விலை வித்தியாசம் ஆயிரக்கணக்கில் இருக்கும். யார் சொல்வதை நம்புவது?

எனக்கு இந்தக் கேள்வி வீட்டிலேயே எழுந்தது. என் மாமா முப்பது வருடங்களுக்கு மேல் மைக் செட் வைத்திருந்தவர். கோவில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் ஒலியைக் கேட்டுக் கேட்டுப் பழகிய காது அவருடையது. நான் என் கம்ப்யூட்டருக்காக வாங்கிய சிறிய கிளாஸ் டி ஆம்ப்ளிபயரை இரண்டு 8 ஓம்ஸ் ஸ்பீக்கர்களுடன் இணைத்து, நாதஸ்வரமும் தவிலும் உள்ள ஒரு கச்சேரியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். ஒலியைக் கூட்டியதும் மாமா முகம் சுளித்தார். "மாப்ளே, தவில்ல தொப்பி சத்தம் வரலை, கிழியுது. நான்தான் சொன்னேனே, டிஜிட்டல்னா இப்படித்தான்" என்றார்.

ஒலி கிழிந்தது உண்மை. எனக்கும் கேட்டது. ஆனால் அதற்கு மாமா சொன்ன காரணம் தவறு என்பது பிறகுதான் புரிந்தது. அந்தக் காரணத்தைத் தேடிப் போனதில் தெரிந்து கொண்டவற்றை இங்கே பார்ப்போம்.

பேன் ரெகுலேட்டரை நினைத்துக் கொள்ளுங்கள்

கம்ப்யூட்டரின் ஹெட்போன் பின்னிலிருந்து வரும் சிக்னல் மிகச் சிறியது. அதைக் கொண்டு ஒரு நல்ல ஸ்பீக்கரை இயக்க முடியாது. அந்தச் சிக்னலின் வடிவத்தை மாற்றாமல், ஸ்பீக்கரை அசைக்கும் அளவுக்குப் பலம் கொடுப்பதுதான் ஆம்ப்ளிபயரின் வேலை.

பழைய வகை ஆம்ப்ளிபயர்கள் கிளாஸ் ஏ, கிளாஸ் ஏபி எனப்படும். இவற்றில் உள்ள டிரான்சிஸ்டர் பாதி திறந்த குழாய் போல வேலை செய்கிறது. சிக்னலுக்கு ஏற்ப கொஞ்சம் கூடுதலாகவோ குறைவாகவோ கரண்ட்டை விடுகிறது. ஸ்பீக்கருக்குப் போகாத மீதிச் சக்தி டிரான்சிஸ்டரிலேயே சூடாக மாறுகிறது. பழைய வீடுகளில் சீலிங் பேனுக்குப் பெரிய பெட்டி ரெகுலேட்டர் இருந்ததே, நினைவிருக்கிறதா? பேனைக் குறைத்து வைத்தால் பெட்டி சுடும். அதே கதைதான் இது. அதனால்தான் இவ்வகை ஆம்ப்ளிபயர்களில் பெரிய அலுமினிய ஹீட் சிங்க்கும் கனமான டிரான்ஸ்பார்மரும் இருக்கின்றன. ஏபி வகைக்கு அடிப்படையான கிளாஸ் பி சர்க்யூட்டில், கணக்குப்படி அதிகபட்சத் திறனே 78.5 சதவீதம்தான். அதுவும் முழு ஒலியில் கிடைப்பது. குறைந்த ஒலியில் இது இன்னும் குறையும்.

இப்போது சுவரில் உள்ள சிறிய எலக்ட்ரானிக் ரெகுலேட்டருக்கு வாருங்கள். ட்ரையாக் வகை ரெகுலேட்டர் கரண்ட்டை அடைத்து வைப்பதில்லை. வினாடிக்கு 100 முறை வெட்டி வெட்டி அனுப்புகிறது. அதனால் அவ்வளவாகச் சூடாவதில்லை. கிளாஸ் டி ஆம்ப்ளிபயரின் அடிப்படையும் இதுவே. டிரான்சிஸ்டர் ஒன்று முழுவதும் திறந்திருக்கும், இல்லையேல் முழுவதும் மூடியிருக்கும். முழுவதும் திறந்த சுவிட்சில் சக்தி அதிகம் வீணாவதில்லை; மூடிய சுவிட்சில் கரண்ட்டே ஓடுவதில்லை. எனவே 90 சதவீதத்துக்கும் மேல் திறன் கிடைக்கிறது. பெட்டி சிறியதாகவும் சூடாகாமலும் இருப்பதன் ரகசியம் இதுதான். மலிவாகச் செய்ததால் அது இலேசாக இல்லை.

ஆனால் அந்த ரெகுலேட்டரில் பேனைக் குறைத்து வைத்தால் "உர்ர்" என்று ஒரு சத்தம் வருமே! கரண்ட்டை வெட்டி அனுப்புவதால் வரும் சத்தம் அது. அப்படியானால் இசையையும் வெட்டினால் கெட்டுப் போகாதா? நியாயமான சந்தேகம். பதில் வேகத்தில் இருக்கிறது.

வெட்டிய துண்டுகள் மறுபடி எப்படி இசையாகின்றன?

மனிதக் காது கேட்கக் கூடிய எல்லை சுமார் 20 ஹெர்ட்ஸ் முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. கிளாஸ் டி ஆம்ப்ளிபயரின் சுவிட்சுகள் வினாடிக்குச் சில லட்சம் முறை, பல சிப்களில் சுமார் 4 லட்சம் முறை, திறந்து மூடுகின்றன. அதாவது 400 கிலோ ஹெர்ட்ஸ். காதின் எல்லையைப் போல இது 20 மடங்கு.

உள்ளே நடப்பது இதுதான். இந்த வேகத்தில் ஏறி இறங்கும் ஒரு முக்கோண அலையுடன் பாட்டின் சிக்னலை ஒப்பிட்டுப் பார்க்கிறது சர்க்யூட். பாட்டின் சிக்னல் உயரமாக இருக்கும்போது சுவிட்ச் திறந்திருக்கும் நேரம் நீள்கிறது. தாழ்வாக இருக்கும்போது குறைகிறது. உயரம் எப்போதும் ஒன்றே. அகலம் மட்டுமே மாறும் துடிப்புகள் வரிசையாக வெளிவருகின்றன. இதற்குத்தான் பல்ஸ் விட்த் மாடுலேஷன் என்று பெயர். கடைசியில் ஒரு காயிலும் ஒரு கெபாசிட்டரும் சேர்ந்த பில்டர், மிக வேகமான துடிப்பை வடிகட்டிவிட்டு அதன் சராசரியை மட்டும் ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அந்தச் சராசரிதான் உங்கள் பாட்டு. பேன் ரெகுலேட்டரில் இந்த வேகமும் இல்லை, இப்படி ஒரு வடிகட்டியும் இல்லை. எனவே பேன் உறுமுகிறது.

இப்போது 'டி' என்ற எழுத்துக்கு வருவோம். ஏ, பி, சி என்று ஆம்ப்ளிபயர் வகைகளுக்குப் பெயர் வைத்து வந்தார்கள். அடுத்து வந்ததற்கு வரிசைப்படி டி என்று வைத்தார்கள். அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் உள்ள டிஜிட்டல் தகவல் 0, 1 என்ற எண்களால் ஆனது. இங்கே துடிப்பின் அகலத்துக்கு அப்படிப்பட்ட படிகள் இல்லை. எந்த அகலமாகவும் இருக்கலாம். ஆகவே நாம் கடையில் பார்க்கும் பெரும்பாலான கிளாஸ் டி ஆம்ப்ளிபயர்கள் அனலாக் கருவிகளே. எண்களை நேரடியாகத் துடிப்புகளாக மாற்றும் ஆம்ப்ளிபயர்களும் உண்டு. 1998-ல் வந்த டாக்ட் மில்லினியம் அவ்வகையில் புகழ் பெற்றது. ஆனால் அது தனி வகை. எனவே "டிஜிட்டல் ஆம்ப்ளிபயர்" என்ற வார்த்தையை வைத்து, நல்லது என்றோ கெட்டது என்றோ எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கெட்ட பெயர் எப்படி வந்தது?

இந்த யோசனை புதிதல்ல. 1950-களிலேயே இங்கிலாந்தில் அலெக் ரீவ்ஸ் என்ற விஞ்ஞானி இதில் ஈடுபட்டார். 1964-ல் அதே நாட்டின் சின்கிளேர் நிறுவனம் எக்ஸ்-10 என்ற கிட் ஒன்றை விற்பனைக்குக் கொண்டு வந்தது. பெயரில் 10 இருந்தாலும் அதிலிருந்து கிடைத்தது சுமார் 2.5 வாட்ஸ்தான். அன்றைய ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர்களால் அவ்வளவு வேகமாகத் திறந்து மூட முடியவில்லை. யோசனை சரி, அதைச் செய்ய உதிரிபாகம் இல்லை. "சுவிட்சிங் ஆம்ப்ளிபயர் என்றால் மட்டம்" என்ற பேச்சு அப்போதிலிருந்தே உண்டு.

மாஸ்பெட் எனப்படும் வேகமான டிரான்சிஸ்டர்கள் மலிவான பிறகு நிலைமை மாறியது. 1998-ல் டிரைபாத் என்ற அமெரிக்க நிறுவனம் டிஏ2020 என்ற சிப்பை வெளியிட்டது. அதைக் கொண்டு செய்த மலிவான சிறிய ஆம்ப்ளிபயர்கள், விலை உயர்ந்த கருவிகளை வைத்திருந்தவர்களையே திரும்பிப் பார்க்க வைத்தன. 2009-ல் ஐ.இ.இ.இ. ஸ்பெக்ட்ரம் இதழ் உலகை உலுக்கிய 25 சிப்களின் பட்டியலை வெளியிட்டபோது அதில் இதற்கும் இடம் கொடுத்தது. ஆனால் அதற்கு முன்பே, 2007-ல், அந்த நிறுவனம் திவாலாகிவிட்டது. டென்மார்க்கில் பேங் அண்ட் ஓலுப்சென் நிறுவனத்தின் ஐஸ்பவர் 1999-ல் தொடங்கியது. பெல்ஜியத்தைச் சேர்ந்த புரூனோ புட்ஸீஸ் என்ற எஞ்சினியர் முதலில் பிலிப்ஸிலும், பிறகு ஹைபெக்ஸிலும், அதன் பின் பியூரிபையிலும் செய்த வடிவமைப்புகள் இத்துறையை வேறு உயரத்துக்குக் கொண்டு போயின. இன்று இவ்வகையில் சிறந்தவற்றின் டிஸ்டார்ஷன் மனிதக் காதுக்கு எட்டாத அளவுக்குக் குறைவு.

அப்படியானால் என் வீட்டில் தவில் ஏன் கிழிந்தது? கிளாஸ் டி ஆம்ப்ளிபயரில் ஒலி கெடக் கூடிய இடங்கள் நான்கு. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. இரண்டு சுவிட்சுகளுக்கு இடையே உள்ள இடைவெளி

துடிப்பை உண்டாக்க மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்சுகள் மாறி மாறித் திறக்கின்றன. இரண்டும் ஒரே நேரத்தில் திறந்துவிட்டால் பவர் சப்ளை ஷார்ட் ஆகிவிடும். எனவே ஒன்று மூடிய பின் மற்றொன்று திறக்க, சில பத்து நானோ செகண்ட் இடைவெளி விடுவார்கள். ஒரு நானோ செகண்ட் என்பது ஒரு வினாடியின் 100 கோடியில் ஒரு பங்கு. 400 கிலோ ஹெர்ட்ஸில் ஒரு சுற்றின் நீளம் 2,500 நானோ செகண்ட். இதில் 25 நானோ செகண்ட் இடைவெளி என்றால் ஒரு சதவீதம் ஆகிறது. இந்தச் சிறு பிழை ஒலியில் டிஸ்டார்ஷனாக வெளிப்படும். வெளிவந்த ஒலியை உள்ளே வந்த சிக்னலுடன் ஒப்பிட்டுத் திருத்தும் பீட்பேக் சர்க்யூட் மூலம் இதைக் குறைக்கிறார்கள். இது சிப் செய்பவரின் கையில் உள்ளது. நாம் செய்யக் கூடியது எதுவும் இல்லை.

2. பில்டரும் ஸ்பீக்கரும்

பில்டரில் உள்ள காயிலும் கெபாசிட்டரும் குறிப்பிட்ட ஓம்ஸ் உள்ள ஸ்பீக்கருக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. ஓம்ஸ் மாறினால் ஒலியின் மேல் எல்லையில் மாற்றம் வரும். எவ்வளவு மாற்றம்? பல போர்டுகளில் காணப்படும் 10 மைக்ரோ ஹென்றி காயில், 0.68 மைக்ரோ பாரட் கெபாசிட்டர் என்ற ஜோடியை எடுத்து நான் கணக்குப் போட்டேன். 20,000 ஹெர்ட்ஸில், 8 ஓம்ஸ் ஸ்பீக்கருக்கு ஒலி சுமார் அரை டெசிபல் கூடுகிறது. 4 ஓம்ஸுக்கு முக்கால் டெசிபல் குறைகிறது. ஆக மொத்த வித்தியாசம் ஒன்றேகால் டெசிபல். 10,000 ஹெர்ட்ஸில் இதுவே கால்பங்காகி, 0.3 டெசிபல் ஆகிவிடுகிறது. வயது ஏற ஏற 15,000 ஹெர்ட்ஸுக்கு மேல் கேட்பதே பலருக்குக் கடினம். எனவே இது உண்மையான குறைதான், ஆனால் சிறிய குறை. பில்டருக்குப் பின்னாலிருந்து பீட்பேக் எடுக்கும் நல்ல வடிவமைப்புகளில் இதுவும் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது.

3. பவர் சப்ளை

என் வீட்டில் குற்றவாளி இங்கேதான் இருந்தான்.

நான் வாங்கிய ஆம்ப்ளிபயரில் இருந்தது டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டிபிஏ3116 என்ற சிப். பெட்டியின் மேல் "50 + 50 வாட்ஸ்" என்று அச்சிட்டிருந்தார்கள். விற்றவர் உடன் கொடுத்த அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன். 12 வோல்ட்ஸ், 2 ஆம்பியர் என்று இருந்தது. இரண்டையும் பெருக்கினால் 24 வாட்ஸ். உள்ளே 24 போகும் ஒரு பெட்டியிலிருந்து 100 வெளியே வருமா?

சிப்பின் விவரக் குறிப்பைப் பார்த்தபோது மீதியும் விளங்கியது. சேனலுக்கு 50 வாட்ஸ் என்பது உண்மைதான். ஆனால் 21 வோல்ட்ஸ் சப்ளை, 4 ஓம்ஸ் ஸ்பீக்கர், 10 சதவீத டிஸ்டார்ஷன் என்ற நிபந்தனைகளுடன். என்னிடம் இருந்ததோ 12 வோல்ட்ஸும் 8 ஓம்ஸும்.

இதற்கு எளிய கணக்கு ஒன்று உண்டு. இத்தகைய சிறிய ஆம்ப்ளிபயர்களுக்கு, சப்ளை வோல்ட்டை அதே எண்ணால் பெருக்குங்கள். வந்த விடையை ஸ்பீக்கரின் ஓம்ஸைப் போல இரு மடங்கால் வகுங்கள். ஒரு சேனலில் ஒலி கிழியாமல் கிடைக்கக் கூடிய உச்ச வாட்ஸ் அதுதான்; நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே கிடைக்கும். 12 வோல்ட்ஸ், 8 ஓம்ஸ் என்றால் 144-ஐ 16-ஆல் வகுக்க, 9 வாட்ஸ். அதைத் தாண்டும்போது அலையின் தலை வெட்டுப்படுகிறது. தவிலில் தொப்பி விழும் ஒவ்வொரு அடியிலும் மாமா கேட்டது அந்த வெட்டைத்தான்.

வீட்டில் சும்மா கிடந்த பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்று 19 வோல்ட்ஸ், 3.42 ஆம்பியர். ஆம்ப்ளிபயர் 26 வோல்ட்ஸ் வரை தாங்கும் என்பதையும், பின்னின் பிளஸ், மைனஸ் சரியாக இருப்பதையும் பார்த்துவிட்டு அதை இணைத்தேன். அதே கணக்கில் இப்போது சேனலுக்கு 22 வாட்ஸுக்கு மேல். அதே கச்சேரி, அதே ஒலி அளவு. தவில் கிழியவில்லை. ஆம்ப்ளிபயர் மாறவில்லை, அதன் 'டி'யும் மாறவில்லை. மாறியது அடாப்டர் மட்டும்தான்.

ஒரு எச்சரிக்கை. உங்கள் ஆம்ப்ளிபயர் எத்தனை வோல்ட்ஸ் வரை தாங்கும் என்று மேனுவலில் பார்க்காமல் இப்படிச் செய்யாதீர்கள். சிப் தாங்கினாலும் போர்டில் உள்ள கெபாசிட்டர்கள் தாங்காமல் போகலாம்.

இன்னொரு உதாரணமும் சொல்ல வேண்டும். யு.எஸ்.பி. போர்ட்டில் இருந்தே பவர் எடுக்கும் சிறிய ஸ்பீக்கர்களில் பிஏஎம்8403 போன்ற கிளாஸ் டி சிப்கள் இருக்கும். சேனலுக்கு 3 வாட்ஸ் தரக் கூடியது. ஆனால் யு.எஸ்.பி. 2.0 போர்ட் முறைப்படி தருவது 5 வோல்ட்ஸ், 500 மில்லி ஆம்பியர், அதாவது மொத்தமே 2.5 வாட்ஸ். அந்த ஸ்பீக்கரை முழு ஒலியில் வைத்து "டிஜிட்டல் சவுண்ட் சரியில்லை" என்று சொல்வது, தண்ணீர் வராத குழாயைக் குறை சொல்வது போலத்தான்.

4. இரைச்சல்

ஆம்ப்ளிபயரை லேப்டாப்புடன் இணைத்ததும் "ஹ்ம்ம்" என்ற ஒலியோ, மவுஸை நகர்த்தும்போது "கிர்ர்" என்ற ஒலியோ கேட்கிறதா? உடனே ஆம்ப்ளிபயரைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். லேப்டாப்பின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் காரணம் ஆம்ப்ளிபயர் அல்ல. லேப்டாப் சார்ஜரும் ஆம்ப்ளிபயர் அடாப்டரும் சேர்ந்து உண்டாக்கும் கிரவுண்ட் லூப். ஆடியோ வயரில் இணைக்கும் கிரவுண்ட் லூப் ஐசலேட்டர் ஒன்று வாங்கினால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிலர் சொல்வதைக் கேட்டு பிளக்கின் மூன்றாவது பின்னை, அதாவது எர்த் பின்னை, ஒருபோதும் வெட்டிவிடாதீர்கள். அது உயிருக்கு ஆபத்து.

400 கிலோ ஹெர்ட்ஸ் துடிப்பின் மிச்சம் காதுக்குக் கேட்காது. ஆனால் ரேடியோவுக்குக் கேட்கும். அதன் மடங்குகளான 800, 1,200, 1,600 கிலோ ஹெர்ட்ஸ் எல்லாம் நம் மீடியம் வேவ் அலைவரிசைக்குள் வருகின்றன. பக்கத்தில் ஒரு மீடியம் வேவ் ரேடியோவை வைத்து, ஆம்ப்ளிபயரைப் போட்டும் அணைத்தும் பாருங்கள். வீட்டுப் பெரியவர்கள் ரேடியோவில் செய்தி கேட்பவர்களாக இருந்தால் இரண்டையும் தள்ளித் தள்ளி வைப்பது நல்லது. அடாப்டரும் இதே இரைச்சலை உண்டாக்கலாம் என்பதையும் நினைவில் வைத்துக் கொள்ளுங்கள்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

அடாப்டர் மாறிய பிறகும் மாமா முழுவதும் ஒப்புக் கொள்ளவில்லை. "கிழியலை, சரி. ஆனா என் பழைய பெட்டியில இருக்கிற இனிமை இதுல இல்லை" என்றார். அவரிடம் உள்ளது கனமான கிளாஸ் ஏபி ஆம்ப்ளிபயர். அதையும் கொண்டு வரச் சொல்லி, முறையாக ஒரு சோதனை செய்தோம். இதை நீங்களும் செய்யலாம்.

இதில் முக்கியமான விதி ஒன்று உண்டு. இரண்டு ஆம்ப்ளிபயர்களின் ஒலி அளவும் சமமாக இருக்க வேண்டும். ஒன்று ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே, "இது சத்தம் அதிகம்" என்று நமக்குத் தோன்றாது. "இது நன்றாக இருக்கிறது" என்றுதான் தோன்றும். கடைகளில் நாம் ஏமாறும் இடம் இதுதான்.

முதலில் ஆடாசிட்டி என்ற இலவச சாப்ட்வேரைக் கம்ப்யூட்டரில் நிறுவிக் கொள்ளுங்கள். அதில் ஜெனரேட் மெனுவில் டோன் என்பதைத் தேர்ந்தெடுத்து, சைன், 100 ஹெர்ட்ஸ், 60 வினாடி என்று கொடுத்து ஓகே செய்யுங்கள். இதை ஓட விட்டு, மல்டிமீட்டரை ஏசி 20 வோல்ட்ஸில் வைத்து, ஒரே சேனலின் பிளஸ், மைனஸ் இரண்டுக்கும் நடுவே அளவெடுங்கள். முதல் ஆம்ப்ளிபயரில் 2.00 வோல்ட்ஸ் வரும்படி வால்யூமைத் திருப்புங்கள். இரண்டாவதிலும் 1.98 முதல் 2.02-க்குள் வர வேண்டும். அப்போது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 0.1 டெசிபலை ஒட்டியே இருக்கும். அதன் பிறகு எந்த வால்யூமையும் தொடாதீர்கள். ஏசி அளவு 200 வோல்ட்ஸில் தொடங்கும் மிக மலிவான மீட்டர் இதற்குப் போதாது.

அடுத்து, ஆம்ப்ளிபயர்களை ஒரு துணிக்குப் பின்னால் மறைத்து வையுங்கள். ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து, எதை இணைப்பது என்று முடிவு செய்யட்டும். ஒவ்வொரு முறையும் பவரை அணைத்த பிறகே ஸ்பீக்கர் வயரை மாற்ற வேண்டும். கேட்பவர் அந்த நேரத்தில் வெளியே இருப்பது நல்லது. நன்கு பழகிய பாட்டில் ஒரு 30 வினாடிப் பகுதியை மட்டும் ஓட விட்டு, எது என்று எழுதச் சொல்லுங்கள். பத்து முறை செய்யுங்கள். கண்ணை மூடிக் கொண்டு எழுதினாலும் சராசரியாக ஐந்து சரியாக வரும். ஒன்பதோ பத்தோ சரியாக வருவது, குருட்டு அதிர்ஷ்டத்தில் ஏறக்குறைய நூற்றில் ஒரு முறைதான் நடக்கும். அப்படி வந்தால் வித்தியாசம் நிஜமாகவே கேட்கிறது என்று எடுத்துக் கொள்ளலாம்.

மாமா எழுதியதில் சரியும் தவறும் ஏறக்குறைய சரிபாதி. நான் எழுதியதும் அப்படியே. மாமா சற்று நேரம் தாளைப் பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு, "அப்ப, நான் கேட்டுக்கிட்டு இருந்தது என் பெட்டியையா, இல்லை அந்தப் பெட்டி மேல எனக்கு இருக்கிற பாசத்தையா?" என்று சிரித்தார். எங்கள் ஸ்பீக்கரில், எங்கள் அறையில், வீட்டில் கேட்கும் அளவு ஒலியில் கிடைத்த முடிவு இது. எல்லா ஆம்ப்ளிபயர்களும் ஒன்றே என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பெயரை வைத்து ஒதுக்க வேண்டாம் என்று சொல்ல இது போதும்.

வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

* பி.எம்.பி.ஓ. என்று போட்டிருக்கும் வாட்ஸை முழுவதுமாக மறந்துவிடுங்கள். ஆர்.எம்.எஸ். வாட்ஸ் எத்தனை, எத்தனை ஓம்ஸில், எத்தனை சதவீத டிஸ்டார்ஷனில் என்று கேளுங்கள். 10 சதவீத டிஸ்டார்ஷனில் சொல்லும் வாட்ஸ், கிழிந்த ஒலியின் வாட்ஸ். ஒரு சதவீதமோ அதற்குக் கீழோ சொன்னதைப் பாருங்கள்.

* உடன் வரும் அடாப்டரின் வோல்ட்ஸ், ஆம்பியர் இரண்டையும் படித்து, மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். அடாப்டர் தனியாக வாங்க வேண்டியிருந்தால் அந்த விலையையும் சேர்த்துக் கொள்ளுங்கள்.

* ஆம்ப்ளிபயரின் பின்னால் எத்தனை ஓம்ஸ் ஸ்பீக்கர் இணைக்கலாம் என்று எழுதியிருக்கும். அதைவிடக் குறைந்த ஓம்ஸ் உள்ள ஸ்பீக்கரை இணைக்காதீர்கள்.

* இவ்வகைச் சிறிய ஆம்ப்ளிபயர்களில் பெரும்பாலானவற்றில் இரண்டு ஸ்பீக்கர்களின் மைனஸ் வயர்களை ஒன்றாகச் சேர்க்கக் கூடாது. அவற்றை ஆம்ப்ளிபயரின் உலோகப் பெட்டியுடனோ எர்த்துடனோ தொட விடவும் கூடாது. மைனஸ் முனையிலும் சிக்னல் வருகிறது. சேர்த்தால் சிப் எரிந்துவிடும்.

* பட்ஜெட்டில் பெரும் பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள். இரண்டு ஆம்ப்ளிபயர்களுக்கு இடையே கேட்பதைவிட, இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசம் பல மடங்கு பெரியது. ஸ்பீக்கரைச் சுவரின் மூலையிலிருந்து சற்று முன்னால் நகர்த்தினாலே மாற்றம் கேட்கும். அதற்குச் செலவும் இல்லை.

* வீட்டில் நன்றாக இயங்கும் பழைய கிளாஸ் ஏபி ஆம்ப்ளிபயர் இருந்தால், "பழைய டெக்னாலஜி" என்று தூக்கிப் போட வேண்டாம். சூடும் கனமும் அதன் குறைகள். ஒலி அதன் குறையல்ல.

ஒலி சரியில்லை என்று உங்கள் காது சொன்னால் காதை நம்புங்கள். ஆனால் காரணம் எது என்று காதால் சொல்ல முடியாது. அதற்கு அடாப்டரைத் திருப்பிப் பார்க்க வேண்டும், ஸ்பீக்கரின் ஓம்ஸைப் படிக்க வேண்டும், சார்ஜரைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இந்த மூன்றையும் செய்த பிறகும் திருப்தி இல்லையென்றால் மட்டும் புது ஆம்ப்ளிபயருக்குப் பணம் எடுங்கள்.